மாதா பங்கு

அத்தியாயம் பதினொன்று

ஓசிச் சோறு என்றால் மனுஷனுக்கு எந்த வாசற்படியையும் மிதிக்கிற தைரியம் வந்துவிடுகிறது. இல்லாவிட்டால், தூத்துக்குடி துறைமுகத்தில் கப்பலுக்கு ஏறும் உப்பு மூட்டையை எண்ணிக் கோடு போடுகிற டேலி கிளார்க் ரோச், பெண்டாட்டியையும் பதினாறு வயது மகளையும் கூட்டிக்கொண்டு காட்மாண்டுவில் ஒரு சூதாட்ட விடுதிக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போவாரா, நீங்களே சொல்லுங்கள்.

எப்படி இங்கே வந்து சேர்ந்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். சர்க்கார் செலவில் ஊர் சுற்றிப் பார்க்கிற எல்.டி.சி. லீவில் புறப்பட்ட குடும்பம். ஊரில் எல்லோரிடமும் கல்கத்தா பக்கத்துப் பண்டேல் மாதா கோயிலுக்குப் போவதாகச் சொல்லியாகிவிட்டது. ஆபீசில் எழுதிக் கொடுத்தது எல்லையில் இருக்கிற ரக்சால் ஸ்டேஷன் வரைக்கும்தான். அதற்கு அந்தப் பக்கம் நேபாளம். பாஸ்போர்ட் வேண்டாம், விசா வேண்டாம், பஸ்ஸில் ஏறினால் காட்மாண்டு. ஆனாலும் அது வெளிநாடு. சர்க்கார் சம்பளம் வாங்குகிறவன் அனுமதிக் கடிதம் இல்லாமல் தாண்டக் கூடாத கோடு. அதுவும் இது எமர்ஜென்சி நடக்கிற வருஷம். ஆபீசுக்குப் பத்து நிமிஷம் பிந்தி வந்தவனுக்கே சீட்டுக் கிழிகிறது.

ரோச்சின் மனைவி பிளாரன்ஸுக்கு எல்லை தாண்டிய நாளிலிருந்து போலீஸ்காரனைப் பார்த்தால் பயம், தபால்காரனைப் பார்த்தாலும் பயம். ரோட்டில் யாராவது "மதராசி?" என்று சிரித்துக்கொண்டே கேட்டால் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அடுத்த சந்துக்குள் திரும்பிவிடுவாள்.

இன்று காலையில் லாட்ஜில் அரிசி தீர்ந்துவிட்டது. தூத்துக்குடியிலிருந்து டின்னில் கட்டிக்கொண்டு வந்த அரிசி. மிச்சம் இருந்தது அரைப் பொட்டலம் நெத்திலிக் கருவாடும், அடியில் ஒட்டிய மிளகாய்ப் பொடியும். கீழே போய் விலை கேட்டுவிட்டு வந்த ரோச், சட்டைப் பையிலிருந்து இரண்டு கூப்பனை எடுத்துக் கட்டில் மேல் போட்டார். லாட்ஜ் மேனேஜர் கொடுத்தது.

"மேட்டு ஓட்டலுக்கு அவங்க பஸ்ஸே வந்து கூட்டிட்டுப் போகுதாம்ளா. சாப்பாடு ஓசி. கோழி, ஆட்டுக்கறி, ஐஸ்கிரீம், எல்லாம் வேணுங்கிற மட்டும். நாலு மணிக்குத் திருப்பிக் கொண்டாந்தும் விட்டிருவான்."

"சும்மா எவன் சோறு போடுவான்? சூதாடுத இடத்துச் சோறு நமக்கு எதுக்கு?"

"நாம என்ன சூதாடவா போறோம்? சாப்பிட்டுட்டு வாயத் துடைச்சிட்டு வந்துர வேண்டியதுதான்."

"அப்பா, ஐஸ்கிரீம் எத்தனை வேணும்னாலும் தருவாங்களா?" என்று மகள் ஆக்னஸ் கட்டிலை விட்டுக் குதித்தாள். அப்புறம் பிளாரன்ஸ் பேச்சு எடுபடுமா? மூன்று நாளாகக் கருவாட்டுக் குழம்பும் சோறுமாகத் தின்ற பிள்ளை. போய்த் தொலைப்போம் என்று நல்ல சேலையை எடுத்தாள்.

விடுதி வாசலில் ரோச்சின் துறைமுக அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதில் அவர் படம், பெயர், ஆபீஸ், முத்திரை எல்லாம் இருந்தது.

"அதை எதுக்குக் குடுக்கிய?" என்று பிளாரன்ஸ் அவர் முழங்கையை இழுத்தாள்.

"இந்தியாக்காரன்னு தெரியணும்லா. நேபாளத்து ஆளுங்களை இங்கன உள்ள விடமாட்டான். போகும்போது தந்துருவான், பயப்படாத."

பயப்படாதே என்று சொல்லிவிட்டால் பயம் போய்விடுமா? அந்த அட்டை மேசைக்குப் பின்னால் ஒரு பெட்டிக்குள் விழுந்ததைப் பார்த்ததிலிருந்து அவள் அதையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

சின்னப் பிள்ளைகளுக்கு ஆட்டம் நடக்கிற ஹாலுக்குள் இடமில்லை. சாப்பாட்டு அறை தனியாக இருந்தது. கோட்டும் வெள்ளைக் கையுறையுமாகப் பரிமாற வந்த ஆள், ஆக்னஸ் "அம்மா, இது கோழியாம்மா?" என்று கேட்டதைக் காதில் வாங்கி அப்படியே நின்றுவிட்டார். நாற்பத்தைந்து வயது இருக்கும். பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"எந்த ஊரு, தூத்துக்குடியா? பேச்சுலயே தெரியுதே! எனக்குச் சாயர்புரம் பக்கம். பேரு எஸ்றா. பன்னெண்டு வருசம் ஆச்சு இங்கன வந்து. நல்லாச் சாப்பிடுங்க, தங்கச்சி. இன்னொரு துண்டு வைக்கட்டா?"

மூன்று வாரத்துக்குப் பிறகு அன்னிய வாயிலிருந்து கேட்ட சொந்தப் பேச்சு. பிளாரன்ஸுக்குக் கண் கலங்கியேவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் இரண்டு கரண்டி சோறு கூடவே இறங்கியது. அந்தச் சந்தோஷத்தில்தான், ரோச் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்ததை அவள் சரியாகக் கவனிக்கவில்லை.

"இந்தக் கூப்பனுக்கு, காசுக்குப் பதிலா வச்சு ஆடுத வில்லை கொஞ்சம் தருவானாம்ளா. அதைக் காசா மாத்த முடியாதாம், ஆடித்தான் தீக்கணுமாம். பத்தே நிமிசம். தோத்துட்டு வந்துருதேன்."

தோற்றுவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போன மனுஷர் வரவில்லை. ஆக்னஸ் மூன்றாவது கிண்ணம் ஐஸ்கிரீமை முடித்தாள். சுவரில் கடிகாரம் இல்லை. ஜன்னலும் இல்லை. வெளியே வெயில் அடிக்கிறதா, மழையா என்றே தெரியாத கட்டிடம். பிளாரன்ஸ் எஸ்றாவைக் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, மகளைக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க. அவியளைக் கூட்டிட்டு வந்துருதேன்."

ஹாலுக்குள் சத்தம் அதிகம் இல்லை. அதுவே அவளைப் பயமுறுத்தியது. சூதாட்டம் என்றால் கூச்சலும் அடிதடியுமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். இங்கே பெரிய மனுஷர்களெல்லாம் பேச்சு மூச்சு இல்லாமல் பச்சைத் துணி விரித்த மேசையைச் சுற்றி நின்றார்கள். மேசைத் தலைமாட்டில் ஒரு சக்கரம். அதற்குள் ஒரு வெள்ளை உருண்டை ஓடிக்கொண்டிருந்தது. துணியில் கட்டம் கட்டமாக எண்கள். எண்ணின் மேல் வில்லையை வைத்து, உருண்டை அந்த எண்ணில் விழுந்தால் காசு. அவ்வளவுதான் ஆட்டம்.

மேசையின் கடைசி மூலையில் ரோச் நின்றார். அவர் முன்னால் வில்லைகள் ஒரு சாண் உயரத்துக்கு அடுக்கி இருந்தன.

தோற்கவில்லை. ஜெயித்துக்கொண்டிருந்தார்!

பிளாரன்ஸ் அவர் முகத்தைப் பார்த்தாள். பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்திய முகம். ஆக்னஸ் பிறந்த அன்றைக்குக்கூட அந்த முகத்தில் இப்படி ஒரு வெளிச்சத்தை அவள் பார்த்ததில்லை. தோற்றுக்கொண்டிருந்தால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடலாம். ஜெயிக்கிற புருஷனை எந்தப் பெண்டாட்டி எப்படி இழுப்பது?

"போதும், வாங்க" என்றாள் மெதுவாக.

"ஆச்சு, ஆச்சு. பங்கை மட்டும் எடுத்து வச்சிருதேன்."

அடுக்கிலிருந்து ஒரு வில்லையை எடுத்தார். நெற்றியிலும் நெஞ்சிலும் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். இடது பக்கமாகத் துணியின் மூலையில் தள்ளி வைத்தார். "இது நம்மது இல்லை" என்று முணுமுணுத்தார்.

சக்கரத்துப் பக்கம் நின்று ஆட்டம் நடத்திய நீலக் கோட்டுப் பெண் அதற்குப் பிறகுதான், இனி யாரும் வைக்கக் கூடாது என்று கையை வீசினாள். உருண்டை இரண்டு தட்டுத் தட்டி விழுந்தது. அவள் ஏதோ ஒரு எண்ணைச் சொன்னாள். கூட்டம் "ஓ" என்றது.

ரோச் ஒதுக்கி வைத்த வில்லை அந்த எண்ணின் கட்டத்துக்கு மேல் கிடந்தது.

பாவி மனுஷர் மூலை என்று நினைத்து வைத்த இடம் முப்பத்து நாலாம் நம்பர்! ஒன்றுக்கு முப்பத்தைந்து. நீலக் கோட்டுப் பெண் அடுக்கு அடுக்காக வில்லைகளைத் தள்ளிக்கொண்டு வந்து அந்த ஒற்றை வில்லைக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். ரோச்சின் இரண்டு மாதச் சம்பளத்துக்கும் மேலே இருக்கும். ரோச் நெருப்பைத் தொட்டவர் மாதிரி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

பக்கத்தில் நின்ற சஃபாரி சூட்காரன் ஒருவன் சட்டென்று கையை நீட்டி, தன்னுடையது என்றான். அந்தப் பெண் தலையை ஆட்டி ரோச்சைக் காட்டினாள். கறுப்புக் கோட்டு போட்ட மேனேஜர் எங்கிருந்தோ வந்து நின்றார். ரோச்சைப் பார்த்து இங்கிலீஷில் கேட்டார்: உங்களுடையதா?

"நோ சார்" என்றார் ரோச். "நாட் மைன்."

மேனேஜர் சஃபாரி சூட்காரனைத் தேடித் திரும்பினார். ஆளைக் காணோம். கூட்டத்துக்குள் நழுவி எந்த வாசல் வழியாகவோ போயே போய்விட்டான். மேனேஜரின் முகம் மாறியது. இரண்டு தடியன்கள் வந்து ரோச்சின் இரண்டு பக்கமும் நின்றார்கள்.

"ஐயோ, எங்க கூட்டிட்டுப் போறீங்க? என்னங்க! என்னங்க!"

ரோச் திரும்பிப் பார்த்தார். ஒரு கதவு திறந்தது, மூடியது. பிளாரன்ஸ் அந்தக் கதவுக்கு முன்னால் தனியாக நின்றாள். சுற்றிலும் நின்றவர்கள் அவளை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சக்கரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

அவள் சாப்பாட்டு அறைக்கு ஓடினாள். சேலைத் தலைப்புத் தரையில் இழுபட்டது தெரியவில்லை. எஸ்றா தட்டை வைத்துவிட்டு அவளோடு வந்தார். கதவுக்குள் போய் ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்தபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"தங்கச்சி, பதறாமக் கேளு. இங்கன ஒரு களவு நடக்குது. ஒருத்தன் உருண்டை விழுத நேரம் பாத்து வில்லையை வைப்பான். கூட்டாளி பக்கத்துல நின்னு என்னதுன்னு அள்ளிட்டுப் போவான். மாட்டிக்கிட்டா, வச்சவன் என்னது இல்லைன்னு கையை விரிப்பான். உன் வீட்டுக்காரரை அந்தக் கூட்டத்து ஆளுன்னு மேனேஜர் நினைக்காரு."

"அவியளா? எண்ணிக்கையில ஒரு மூட்டை கூடிப்போச்சுன்னா ராத்திரி தூங்காத மனுசன் அண்ணாச்சி!"

"அதான் நானும் சொல்லுதேன். அந்தப் பொண்ணும் இவரு நேரத்தோடதான் வச்சாருன்னு சாட்சி சொல்லுதா. இவரு ஒரே ஒரு வார்த்தை, என்னதுன்னு சொன்னாப் போதும். களவு இல்லைன்னு ஆயிரும், காசையும் குடுத்து அனுப்பிருவாவ. ஆனா வாயைத் தொறந்தா என்னது இல்லைன்னுதான் சொல்லுதாரு. அப்ப யாருதுன்னா அதுக்கும் பதில் இல்ல. என்ன மனுசன்மா இவரு?"

என்ன மனுஷன் என்று பிளாரன்ஸுக்குத் தெரியும்.

ரோச்சின் வீட்டில் கடலுக்குப் போகிற ஆண்கள் எது கொண்டு வந்தாலும், மீனோ சங்கோ முத்துச் சிப்பியோ, கரையிலேயே மாதாவுக்கு ஒரு பங்கு பிரித்து இடது பக்கம் வைத்துவிட வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகு பிரிக்கிற வழக்கம் இல்லை. வைக்கும்போது, "இது நம்மது இல்லை" என்று சொல்ல வேண்டும். அதற்கப்புறம் ராஜாவே வந்து யாருடையது என்று கேட்டாலும், எங்களது இல்லை என்றுதான் பதில். ரோச்சின் அப்பா பர்னபாஸ் முத்துக் குளித்த வருஷத்தில் மாதா பங்குச் சிப்பியைக் கோயிலில் திறந்தபோது மிளகு பருமனுக்கு ஒரு ஆணிமுத்து இருந்ததாம். ஊரே வயிறு எரிந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவருடைய மூத்த மகன், ரோச்சின் அண்ணன் மரியான் அப்படி இல்லை. சங்கு குளிக்கப் போன இடத்தில், ஒதுக்கி வைத்த மூன்று சங்கையும் சேர்த்து, "எல்லாம் என்னதுதான்" என்று எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தான். நாலாம் நாள் முங்கினவன் மேலே வரவில்லை. தேடிப் போனவர்களுக்கு அவன் இடுப்புக் கயிறு மட்டும்தான் கிடைத்தது. அதற்குப் பிறகுதான் ரோச்சைக் கடலுக்கு விடாமல் படிக்க வைத்து, மூட்டை எண்ணுகிற உத்தியோகத்துக்கு அனுப்பினார்கள்.

அந்த ரோச் இன்றைக்கு என்னது என்று சொல்வாரா? கழுத்தில் கத்தியை வைத்தாலும் சொல்ல மாட்டார்.

"அது மாதாவுக்கு ஒதுக்குன பங்கு அண்ணாச்சி, அவிய என்னதுன்னு சொல்ல மாட்டாவ. நான் பேசிப் பாக்கேன். என்னை உள்ள விடச் சொல்லுங்க."

அறை சின்னதுதான். மேசை மேல் அந்த வில்லைக் குவியல் ஒரு தட்டில் இருந்தது. அதற்குப் பக்கத்தில் ரோச்சின் துறைமுக அட்டை. ரோச் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பிளாரன்ஸைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். பின்னால் நின்ற தடியன் தோளில் கை வைத்து உட்கார வைத்தான்.

ஊரில் அவரை யாரும் இப்படித் தொட்டதில்லை.

"நீங்க ஏன் இப்படிப் பண்ணுதிய? ஒரு வார்த்தைதானே? நம்ம பிள்ளை வெளிய உக்காந்திருக்கா."

"எனக்குத் தெரியாதாளா? அதனாலதான் சொல்ல மாட்டேங்குதேன்" என்றார் ரோச். "மரியான் அண்ணன் ஒத்தை ஆளு. பெண்டாட்டி பிள்ளை கிடையாது. அவனையே கடல் எடுத்துக்கிட்டு. எனக்கு நீங்க ரெண்டு பேரு இருக்கிய."

மேனேஜர் பொறுமை இழந்தவராக அட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டெலிபோனைப் பக்கத்தில் இழுத்தார். எஸ்றாவிடம் ஏதோ சொன்னார். எஸ்றா அதைத் தமிழில் சொன்னார்.

"கடைசியாக் கேக்காரு. யாருதுன்னு சொல்லலைன்னா போலீசைக் கூப்பிடுவாரு. இந்த அட்டையில உள்ள ஆபீசுக்கும் தந்தி போகும்னு சொல்லுதாரு."

தந்தி! அனுமதி இல்லாமல் எல்லை தாண்டியது, அங்கே சூதாடியது, திருட்டுக் கேஸில் மாட்டியது. மூன்றும் ஒரே தந்தியில் போய் விழும். வேலை போகும். குவார்ட்டர்ஸ் போகும். அதெல்லாம் ஊருக்குத் திரும்பிப் போனால்தானே? பாஷை தெரியாத தேசத்தில் இவரை ஜெயிலில் வைத்தால், வயசுக்கு வந்த மகளை வைத்துக்கொண்டு அவள் எந்த வாசலில் போய் நிற்பாள்?

ஒரு பக்கம் போலீஸ். மறுபக்கம் மாதா. எதற்கு அதிகம் பயப்படுவது என்று அவளுக்கே தெரியவில்லை.

மேனேஜர் டெலிபோனைக் கையில் எடுத்தார்.

"என்னது!" என்றாள் பிளாரன்ஸ்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"என்னதுன்னு சொல்லுங்க அண்ணாச்சி. அது என் வில்லை. நான்தான் அவிய கையில குடுத்து வைக்கச் சொன்னேன். எனக்கு எட்டலை, அதனால அவிய வச்சாவ. அதான் தன்னது இல்லைங்காவ. அவிய பொய் சொல்லலை."

"ஏளா!" என்று ரோச் கத்தினார். "வாயை மூடு! தெரிஞ்சுதான் சொல்லுதியா?"

"தெரிஞ்சுதான் சொல்லுதேன். என்னதுதான்."

இரண்டு தடவை சொல்லிவிட்டாள். சொன்ன நாக்கு அவளுடையதே இல்லை போலிருந்தது. விழுந்தால் என்னை விழச் செய், மாதாவே, சொன்னவள் நான்தான், வெளியே உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்று மனசுக்குள் மன்றாடினாள்.

எஸ்றா அதை இங்கிலீஷில் சொன்னார். மேனேஜர் நீலக் கோட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டார். ஆமாம், இந்த அம்மா பக்கத்தில்தான் நின்றாள், ஏதோ பேசினாள், உடனேதான் அவர் வைத்தார் என்றாள் அந்தப் பெண். டெலிபோன் திரும்பத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மரியாதை. டீ வந்தது. ரோச் மேசையில் விட்டு வந்த வில்லைகளையும் சேர்த்து எடுத்துக்கொண்டு ரூபாய் நோட்டாகக் கொண்டு வந்தார்கள். ஒரு காகிதத்தில் பிளாரன்ஸ் கையெழுத்துப் போட்டாள். மேனேஜர் எழுந்து நின்று, துறைமுக அட்டையை இரண்டு கையாலும் ரோச்சிடம் கொடுத்தார்.

"தப்பா எடுத்துக்கிடாதீங்கன்னு சொல்லுதாரு. எப்ப வேணாலும் வரலாமாம்" என்ற எஸ்றா, வெளியே வந்ததும் பிளாரன்ஸின் காதோரம் குனிந்தார். "நல்ல வேளை, தங்கச்சி. உனக்கு அந்த நேரத்துல அந்தப் புத்தி வந்துதே. மாதா பங்கு அது இதுன்னு நீயும் பிடிவாதம் பிடிச்சிருந்தா என்ன ஆயிருக்கும்! எங்க சபையில இதெல்லாம் கிடையாது. கடவுள் உன்னை ஒண்ணும் செய்ய மாட்டாரு. இனிமே இந்தப் பக்கம் மட்டும் தலைவச்சிப் படுக்காதீங்க."

அவள் கும்பிட்டாள்.

ஆக்னஸ் அதே நாற்காலியில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். பிளாரன்ஸ் ஓடிப் போய் அவள் தலையை, தோளை, கையைத் தடவிப் பார்த்தாள். முழுசாகத்தான் இருந்தாள்.

"என்னம்மா இப்படி வேர்த்திருக்கு உங்களுக்கு?"

"ஒண்ணுமில்ல. வா, பஸ் போயிரும்."

வெளியே சரியான வெயில். நாலு மணி பஸ் வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. மூன்று பேரும் ஏறி உட்கார்ந்தார்கள். பணம் இருந்த கைப்பையைப் பிளாரன்ஸ் மடியில் வைத்து அமுக்கிக்கொண்டாள். நாளைக் காலையில் முதல் பஸ்ஸில் எல்லைக்குப் போய்விட வேண்டும். ரக்சாலில் கால் வைத்ததும் மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி. ஊருக்குப் போனதும் முழங்காலிலேயே கோயிலைச் சுற்ற வேண்டும்.

ரோச் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டினால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

"கோவமா?" என்றாள்.

"எதுக்குளா கோவம்?" என்றார் ரோச். "எனக்காகத்தானே சொன்னே. உன்னதுன்னு சொன்னே, அவனும் உன்னதுன்னு எழுதிக் கையெழுத்து வாங்கிட்டான். அது உன்னதாயிட்டு. முடிஞ்சு போச்சு."

அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆனா ஒண்ணு" என்றார் ரோச். "அப்படின்னா மாதா பங்கு இன்னும் எடுத்து வைக்கலைலா?"

பிளாரன்ஸுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது கைப்பையை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டாள்.

"அதுக்கென்ன! இன்னா, இப்பவே ஒரு நோட்டை எடுத்து முந்தானையில முடிஞ்சு வைக்கேன். ஊருக்குப் போய் உண்டியல்ல போட்டிருவோம்."

"முந்தானையில முடிஞ்சா அது உன் முடிச்சுதானளா. மடியில போட்டுட்டுப் பிறகு எடுத்துக் குடுத்தா அதுக்குப் பேரு பிச்சை. பங்குன்னா கரையிலயே பிரியணும். வந்த இடத்துல, அந்தத் துணியில, அந்த மூலையில வைக்கணும். நீ வேற ஒரு தடவை அவ பங்கை உன்னதுன்னு சொல்லிட்டே. இதையும் வைக்காமப் போனோம்னா..." அவர் கண் ஆக்னஸின் பக்கம் ஒரு தடவை போய்த் திரும்பியது. "ஒரே ஒரு நோட்டு குடு. வச்சிட்டு வந்துருதேன்."

பிளாரன்ஸ் அவர் முகத்தைப் பார்த்தாள். அறைக்குள் இருந்த பயத்தில் ஒரு சொட்டுகூட அதில் மிச்சமில்லை. மேசை மூலையில் நின்றபோது இருந்த அதே வெளிச்சம். அவர் பொய் சொல்லவில்லை. தான் சொல்வதை முழுசாக நம்பித்தான் சொல்கிறார். அதனால்தான் அவளுக்குப் பயமாக இருந்தது. குடிக்கக் காசு கேட்டால் மாட்டேன் என்று சொல்லலாம். மாதாவுக்குக் கேட்டால் எப்படி மாட்டேன் என்பது? அதுவும் அவள், அந்த வாயால் மாதா பங்கை என்னது என்று சொல்லி அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

"அங்க திரும்ப உருண்டையை உருட்டுவாவளே" என்றாள் அழுகிற குரலில்.

"உருட்டட்டும். அது மாதா பாடு."

டிரைவர் ஹாரன் அடித்தான். ஆக்னஸ் ஜன்னல் வழியாக எதையோ வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். காற்றில் அவள் பின்னல் ஆடியது. பிளாரன்ஸ் அந்தப் பின்னலைப் பார்த்தாள். கைப்பையைத் திறந்தாள்.

ஒரு நோட்டுத்தான் எடுத்துக் கொடுத்தாள். ரோச் அதை இடது கையில் வாங்கிக்கொண்டு இறங்கினார். அவர் பின்னாலேயே கதவு சாத்திக்கொண்டது. பஸ் நகர்ந்தது.

"நிறுத்துங்க! ஐயா, அவிய வரணும், நிறுத்துங்க!"

டிரைவர் கண்ணாடியில் அவளைப் பார்த்துச் சிரித்து, அவன் பாஷையில் ஏதோ சொன்னான். பஸ் மேட்டிலிருந்து இறக்கத்தில் வேகம் பிடித்தது.

"அம்மா, அப்பா எங்கம்மா போறாங்க?"

பிளாரன்ஸ் கடைசி சீட்டுக்கு ஓடி, பின்கண்ணாடியில் முகத்தை அழுத்தினாள். ரோச் விடுதி வாசலுக்குப் போய்விட்டிருந்தார். உள்ளே நுழையுமுன் நின்றார். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். நெற்றியிலும் நெஞ்சிலும் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டு, கோயிலுக்குள் போகிற மாதிரித் தலையைக் குனிந்து உள்ளே போனார்.